இடது பக்கத் தழும்பு

ஜனவரி 11

அன்புள்ள அக்கா,

உன் சளி விட்டதா? மாமாவுக்குப் பல் வலி தீர்ந்ததா? இங்கே எல்லோரும் ஏதோ இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது. லிஃப்ட் மெக்கானிக் பிழைப்பு அப்படி. ஊரில் எல்லோரும் லிஃப்டில் போகலாம், அவன் மட்டும் படியேறித்தான் போக வேண்டும். லிஃப்ட் ஓடினால் அவனை யார் கூப்பிடப் போகிறார்கள்? நேற்று பதினோரு மாடி. மூன்றாவது மாடியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். முப்பத்து நாலு வயசுக்கு இது தேவையா? எங்கள் சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணு மஞ்சளா கெடக்கே, நேத்து எவ்ளோ போட்ட?" என்று கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு யார் ஞாபகம் வரும் என்று உனக்குத் தெரியும்.

எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. எங்கள் மகள் வாயாடிக்கும் கண் மஞ்சளடித்திருக்கிறது. பள்ளிக்கூடத்து டீச்சர்தான் முதலில் கண்டுபிடித்தார். தெரு முனை டாக்டர், காமாலை என்று சொல்லி மூன்று வாரம் எண்ணெய் சேர்க்காமல் சாப்பிட வைத்தார். மஞ்சள் போகவில்லை, குழந்தை இளைத்ததுதான் மிச்சம். இப்போது குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவரிடம் காட்டுகிறோம். இடது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்துவிட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க குடும்பத்துல யாருக்காவது அடிக்கடி கண் மஞ்சளாகுமா? சின்ன வயசுலயே பித்தப்பையில கல்லு, மண்ணீரலை எடுத்தது, அப்படி ஏதாவது உண்டா? பெரியவங்களைக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

என் மாமியார் வீட்டில் கேட்டாகிவிட்டது. அங்கே ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் அம்மா போன பிறகு பெரியவங்க என்றால் நீ ஒருத்திதான். யோசித்து எழுது.

உன் பெண் சிட்டுவுக்கு என் அன்பு. பதிலைச் சீக்கிரம் போடு. தபால் தாமதம் என்று மட்டும் கதை விடாதே. தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளே நீதான்.

உன் தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பி,

உன் மனைவியின் தலைவலி எப்படி இருக்கிறது? வாயாடி நன்றாகச் சாப்பிடுகிறாளா? உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே சௌகரியம்தான். ஆபீஸில் புதிய முத்திரைக் கட்டை வந்திருக்கிறது. அழுத்தி அழுத்தி மணிக்கட்டு விட்டுப்போகிறது. நீ எழுதிய கவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஸீட்காரி, "உனக்கு நீயே லெட்டர் போட்டுக்கிறியா?" என்று கேட்கிறாள். கையைப் பிடித்து எழுத வைத்தது நான்தானே, அப்புறம் எழுத்து எப்படி இருக்கும்?

சிட்டுவுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். நல்ல குடும்பம், ஆனால் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ஆஸ்துமா என்று பட்டியல் போடாத குறைதான். மாமா அவர்களுக்குப் பதில் சொல்லியே களைத்துவிட்டார். முடிந்தால் இந்த வருஷமே முடித்துவிடலாம்.

டாக்டர் கேட்டதற்கு: நம் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. அப்பாவுக்குக் கண் மஞ்சளாக இருந்தது எதனால் என்று உனக்கே தெரியும்.

இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுத வேண்டாம், ஆபீஸுக்கே எழுது. வீட்டில் மாமா எல்லாக் கடிதங்களையும் பிரித்துவிடுகிறார்.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

சிட்டுவுக்கு இடம் அமையப்போவதில் சந்தோஷம். நீ அனுப்பிய போட்டோவில் நிறக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பெரிய ஸ்டார் மாதிரி நிற்கிறாள். வீட்டுக்குள்ளே எதற்கடி வெயில் கண்ணாடி என்று மாமா கேட்டதாகச் சொல்.

நீ எழுதியதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். "ஒண்ணுமே இல்லையா?" என்று மறுபடி கேட்டார். அப்பாவின் குடியைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் நாக்கு கூசுகிறது. உன்னுடைய குடல்வால் ஆபரேஷனைக்கூடச் சொன்னேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "குடும்பத்துல இருந்தா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். அங்கதான் அந்த டெஸ்ட் உண்டு. இல்லேங்கிறீங்க, மூணு மாசம் பார்ப்போம்" என்றார். எங்களுக்கும் நிம்மதிதான். பத்து மணி நேரப் பயணம், இந்தக் குழந்தையையும் அவள் வாயையும் வைத்துக்கொண்டு யாரால் ஆகும்?

அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்ததில் இரண்டு நாளாக மனசு சரியில்லை. பஸ் டிப்போவில் அவரை வாயை ஊதச் சொல்வார்களாம். வாசனையே வராதாம். "வாசனை வராத சரக்கு எங்கய்யா கிடைக்குது, எங்களுக்கும் சொல்லு" என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்களாம். அம்மா சொல்லிச் சொல்லி அழுவாள். ஒரு டிரைவர் குடித்துவிட்டு நாற்பது உயிரை ஏற்றிக்கொண்டு போனால் வேலையை விட்டுத் தூக்காமல் மாலையா போடுவார்கள்? வீட்டை விட்டு அனுப்பியதும் சரிதான். எனக்கு ஏழு வயசில் இருந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

உன் தம்பி


மார்ச் 17

அன்புள்ள தம்பி,

எல்லோரும் சுகமா? வாயாடிக்கு ஒரு கவுன் தைத்து அனுப்பியிருக்கிறேன். இடுப்பில் கொஞ்சம் தளர்வாகவே வைத்திருக்கிறேன், வயிற்றை இறுக்க வேண்டாம். அவள் ஓடியாடும்போது யாரும் வயிற்றில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அனுப்பாதே. அவளுக்குக் காய்ச்சல் வந்து முகம் வெளுத்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. மறக்காதே.

சிட்டுவுக்குப் பேசி முடித்தாயிற்று. ஆகஸ்டில் கல்யாணம். வேலை தலைக்கு மேலே இருக்கிறது, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில், மடியில் மருந்துச் சீட்டுக் கட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வாயாடியின் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், கன்னம் சிவந்து போகிற காய்ச்சல். எல்லோரும் மூன்று நாளில் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். இவளுக்கும் காய்ச்சல் விட்டது, ஆனால் நிறமும் சேர்ந்து போய்விட்டது. நீ எழுதியிருந்ததை என் மனைவி நினைவூட்டினாள். "அக்கா தும்மினாக்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடுற ஆளு, அவ சொன்னான்னு கிளம்ப முடியுமா?" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போனேன். மூன்று நாள் அப்படிப் போனேன். நாலாம் நாள் நான் வீட்டுக்கு வந்தபோது வாயாடி பேசவில்லை. தூங்கும்போதுகூட எதையாவது உளறிக்கொண்டே இருக்கிறவள், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தாள். உதடும் தலையணை உறையும் ஒரே நிறம்.

பத்து மணி நேரம் வேனில், அவள் நெஞ்சு என் கைக்கடியில் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. பதினொன்று இருக்க வேண்டிய ரத்த அளவு மூன்றுதான் இருந்ததாம். இன்னும் அரை நாள் போயிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார்கள். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறது. பிழைத்துவிட்டாள்.

இங்கே ஒரு வயதான டாக்டர் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். ரத்தத்திலே இருக்கிற சிவப்பு அணு நடுவில் அமுங்கின தட்டு மாதிரி இருக்க வேண்டுமாம், அப்போதுதான் வளைந்து நெளிந்து போகும். இவளுக்கு உருண்டையாக இருக்கிறது. பேரிங்குக்குள்ளே போடுகிற குண்டு மாதிரியா என்று கேட்டேன், ஆமாம் என்றார். மண்ணீரல் அந்தக் குண்டுகளைப் பிடித்துப் பிடித்து உடைத்துவிடுகிறது. உடைவதால்தான் கண் மஞ்சள், அதனால்தான் சோகை, பித்தப்பையில் கல். உடம்பு தினமும் புது ரத்தம் செய்து சமாளித்துக்கொண்டிருக்கும். இந்தக் காய்ச்சல் வந்தால் செய்வது சில நாள் நின்றுபோகும், உடைவது மட்டும் நிற்காது. முன்பே தெரிந்திருந்தால் காய்ச்சல் வந்த அன்றே ரத்தம் பார்த்திருப்பார்களாம்.

"இது பெரும்பாலும் அப்பா அம்மா யாராவது ஒருத்தர்கிட்டேருந்து வர்றது" என்று சொல்லி எனக்கும் ரத்தம் எடுத்தார். எனக்கும் உருண்டைதான். பிறகு, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்றார். "ஒரு அக்கா. அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன் தவிர ஒண்ணும் இல்ல" என்றேன். எழுதிக்கொண்டே, "தழும்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை அக்கா. அப்போது எனக்கு ஒன்பது வயசு. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உன் வலது பக்கம்தான் படுப்பேன். இடது பக்கம் கட்டு, கை கால் பட்டால் உனக்கு வலிக்கும் என்று அம்மா நடுவில் தலையணை வைப்பாள். "இடது பக்கம்" என்று பட்டென்று சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "குடல்வால் வலது பக்கம் இருக்கும்பா" என்றார்.

இடது பக்கத்தில் உனக்கு எதை எடுத்தார்கள்?

தம்பி


ஏப்ரல் 28

அக்கா,

பதினாறு நாள் ஆயிற்று. இங்கிருந்து உன் ஊருக்குக் கடிதம் மூன்று நாளில் வரும் என்று எனக்குச் சொன்னதே நீதான். உன் வீட்டுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். மாமா எடுத்தார், நீ குளிக்கிறாய் என்றார். இரண்டு தடவையும் குளிக்கிறாய்.

தம்பி


மே 6

தம்பி,

வாயாடி இப்போது எப்படி இருக்கிறாள்? அதை முதலில் எழுது.

எடுத்தது மண்ணீரல். பித்தப்பையையும் சேர்த்து எடுத்தார்கள், அதில் கல் நிறைந்திருந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. டாக்டர், அம்மாவையும் என்னையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். பரம்பரையாக வருவது, தம்பிக்கும் பார்த்துவிடுங்கள் என்றார். நீ துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தாய். அவனுக்கு ஒன்றும் இருக்காது என்று அம்மா சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார் கேட்டாலும் குடல்வால்னு சொல்லு. வெளிய தெரிஞ்சா உன்னை யார் கட்டிப்பா?" என்றாள். அப்படியே சொன்னேன். மாமாவிடமும் அதையே சொன்னேன். இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மண்ணீரல் இல்லாதவளுக்குச் சாதாரணக் காய்ச்சலே ஆளை முடித்துவிடலாம். அதனால்தான் தும்மினாலும் ஓடினேன். நீ கேலி செய்வாய், நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஜனவரியில் உன் கடிதம் வந்த பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பதில் எழுதினேன். மூன்றையும் பெட்டியில் போட்டேன். பெட்டி திறந்து தபாலைப் பிரிக்கிற நேரத்தில் நானே எடுத்துக் கிழித்தேன். அதனால்தான் அத்தனை நாள் ஆயிற்று. காய்ச்சலைப் பற்றி மட்டுமாவது எழுதினேனே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். நீ அதைக் கேட்டிருக்கலாம்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

அக்கா


மே 15

அக்கா,

வாயாடி எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். ஃபோலிக் ஆசிட் மாத்திரை தினமும். தடுப்பூசிகளைப் போட்டு, கொஞ்சம் வளர்ந்த பிறகு மண்ணீரலை எடுப்பதா என்று பார்ப்பார்களாம்.

"நீ அதைக் கேட்டிருக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், கேட்டிருக்கலாம். அந்த மூன்று நாளுக்கு நான் சாகும்வரை என்னை மன்னிக்கமாட்டேன். காரணத்தைச் சொல்லாமல் பயத்தை மட்டும் எழுதி அனுப்பினாயே, அதற்கு நீ என்ன செய்யப்போகிறாய்?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அதில் ஒருவரைக் காணோம். பரம்பரையாக வருவது என்று டாக்டர் சொன்னாரே, எந்தப் பரம்பரை? அம்மாவுக்குக் கடைசிவரை ஒரு தலைவலிகூட வந்ததில்லை. மஞ்சள் கண் யாருக்கு இருந்தது அக்கா? வாசனை வராத சரக்கை யார் குடித்தார்?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு இருபது வயசில், நான் வேலை கற்றுக்கொண்டிருந்த பட்டறைக்கு அப்பா வந்தார். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம். மெலிந்து, கண் பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் குடிக்கிறதில்லப்பா, என்னிக்குமே குடிச்சதில்ல" என்றார். "கண்ணைப் பார்த்தாலே தெரியுது, வெளிய போங்க" என்றேன். தோளைப் பிடித்துத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். தள்ளும்போது கனமே இல்லை. பொட்டலத்தைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த வருஷம் ஏதோ ஒரு தரும ஆஸ்பத்திரியில் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. நான் போகவில்லை.

அவர் பட்டறை வாசலில் வந்து நின்றபோது உனக்கு உண்மை தெரிந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கார்டு போட்டிருந்தால் போதும். தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவளுக்குக் கார்டுக்கா பஞ்சம்?

சரி, போனது போகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை, இருந்தாலும் இருப்பதைப் பார்ப்போம். சிட்டுவுக்கு ரத்தம் பார்த்தாயா?

தம்பி


மே 30

தம்பி,

அப்பாவைப் பற்றி என்னை இதற்கு மேல் கேட்காதே. டாக்டர் அதையும்தான் சொன்னார், குடியில்லை என்று. "ஊரெல்லாம் சொல்லியாச்சு, இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவரைக் கூப்பிடறது?" என்றாள் அம்மா. பெற்ற தாயை எதிர்த்துப் பேசுகிற வயசு அப்போது எனக்கு இல்லை. வயசு வந்த பிறகு பழகிவிட்டது.

சிட்டுவுக்குப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை, எனக்குத் தெரியும். கண்ணாடி சும்மா வாங்கிக் கொடுக்கவில்லை. வெளிச்சம் பட்டால் தலைவலி வரும், போட்டுக்கொள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மருந்துக்கடைக்காரர்களுக்குத் தெரிந்தால் அன்றைக்கே கலைந்துவிடும், மாமா என்னை வீட்டில் வைத்திருக்கமாட்டார். கல்யாணம் முடியட்டும், நானே சொல்கிறேன். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அதுவரை வாயைத் திறக்காதே.

குழந்தையைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 8
(பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்)

அன்புள்ள சிட்டு,

மாமா எழுதுகிறேன். வேலை எப்படி, படிப்பு எப்படி என்றெல்லாம் கேட்கிற கடிதம் இல்லை இது. உட்கார்ந்து படி, பயப்படாமல் படி.

உன் தாத்தாவுக்கும் உன் அம்மாவுக்கும் எனக்கும் என் மகளுக்கும் ரத்தத்தில் ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. சிவப்பு அணு உருண்டையாக இருக்கும். உனக்கும் இருக்கலாம். அந்த நிறக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பகல் வெளிச்சத்தில் கண்ணைப் பார். சீக்கிரம் களைத்துப்போகிறாயா, வலது விலாவுக்குக் கீழே வலி வருகிறதா என்றும் யோசி. இது தெரிந்தவர்கள் நன்றாகவே வாழலாம். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. நாளைக்கு உன் வயிற்றில் ஒரு குழந்தை வந்தால் அதற்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஒரு டாக்டரிடம் போய் இந்தக் கடிதத்தையே காட்டு, எந்தப் பரிசோதனை என்று அவருக்குத் தெரியும். முடிவு வந்த பிறகு அந்தப் பையனிடம் நீயே சொல். மருந்து விற்கிறவனுக்கு இதுகூடப் புரியவில்லை என்றால் அவன் உனக்கு வேண்டாம். வீட்டில் பிரச்சினை வந்தால் நேரே இங்கே வா. உனக்கு ஒரு மாமன் இருக்கிறான்.

மாமா


ஜூன் 21

அக்கா,

ஒப்புகை அட்டை இன்று வந்தது. வாங்கியவர் கையெழுத்து என்ற இடத்தில் சிட்டுவின் பெயர் இருக்கிறது. எழுத்து உன்னுடையது.

வேறு யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம், என்னை முடியுமா? என் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நீ. பேரை எழுதி முடித்ததும் அடியில் ஒரு சின்னக் கோடு இழுப்பாய், நானும் இன்றுவரை இழுக்கிறேன். என் மனைவி அட்டையைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

தபால்காரனிடம், "நம்ம வீட்டுக்குத்தானே, நானே கொண்டு போறேன்" என்று சொல்லியிருப்பாய். கடிதம் உன் மேஜை இழுப்பறையில் இருக்கிறதோ, கிழிந்துவிட்டதோ, எனக்குத் தெரியாது. இனிமேல் உன்னைத் தாண்டி ஒரு கடிதமும் போகாது. அதனால் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் உன் வீட்டுக்கு வருகிறேன். மாமா வீட்டில் இருக்கிற நாள், அன்றைக்குச் சம்பந்தி வீட்டாரும் புடவை எடுப்பது பற்றிப் பேச வருகிறார்கள் என்று போனில் அவரே சொன்னார். கத்தமாட்டேன், சண்டை போடமாட்டேன். நான் வாயையே திறக்கமாட்டேன், நீ கேட்டுக்கொண்டபடியே.

வாயாடியைக் கூட்டி வருகிறேன். பேச்சு முழுசாகத் திரும்பிவிட்டது. வேனில், கடையில், லிஃப்டில், யாரைப் பார்த்தாலும் விடுவதில்லை. "என் ரத்தம் உருண்டை, எங்கப்பா ரத்தமும் உருண்டை, உங்களுது தட்டையா உருண்டையா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறு வேலை. அந்த நாலு நாளுக்குப் பிறகு அவளைப் பேசாதே என்று சொல்ல என்னால் முடியாது.

உன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது உன் மடியில் ஏறிக்கொண்டு, அத்தை உங்களுது எப்படி என்று கேட்பாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கும். அதற்குள் சிட்டுவிடம் நீயே சொல்லிவிடு. இல்லையென்றால் குழந்தைக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று யோசித்து வை.

தம்பி